ஊரமைப்பில் கட்டடக் கலைஞரின் குரல்

வீடு கட்டும்போது அதில் வாழப்போகும் குடும்பத்தின் விருப்பம் கேட்கப்படுகிறது. சமையலறை எங்கே, பூசையறை எங்கே, சன்னல் எந்தப் பக்கம் என்று வீட்டார் கூடிப் பேசி முடிவு செய்கின்றனர். ஆனால், நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைவரிசைகளும் சாலைகளும் பள்ளிகளும் சேர்ந்து ஓர் ஊர் உருவாகும்போது யாருடைய விருப்பம் கேட்கப்படுகிறது? ஊரின் ஒவ்வொரு மூலையும் எதற்குப் பயன்பட வேண்டும் என்பதை யார் முடிவு செய்கின்றனர்? அம்முடிவில் அவ்வூர் மக்களுக்குப் பங்கு உண்டா?

இக்கேள்விகளுக்கு விடை தேடும்போது நம் கவனத்திற்கு வருபவர் கட்டடக் கலைஞர். அவர் வீட்டுக்கு வரைபடம் வரைந்து கொடுப்பதோடு நின்றுவிடுபவர் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், ஊராட்சி மன்றம் எடுக்கும் முடிவுகள் நல்லவையாக அமைய, மக்களுக்கும் மன்றத்திற்கும் இடையில் பாலமாக நின்று பேசும் பொறுப்பும் அவருக்கு உண்டு. மலாக்கா மாநிலத்தின் அண்மைக்கால வரலாறு இதனை விளக்கிக் காட்டுகிறது.

ஊராட்சி மன்றமும் ஊரின் வரைபடமும்

மலாக்கா மாநிலத்தில் நான்கு ஊராட்சி மன்றங்கள் உள்ளன. மலாக்கா வரலாற்று மாநகர் மன்றம், ஹங் துவா ஜெயா நகராண்மைக் கழகம், அலோர் காஜா நகராண்மைக் கழகம், ஜாசின் நகராண்மைக் கழகம் என்பனவே அவை. குப்பை அள்ளுதல், தெருவிளக்கு, கால்வாய், சந்தை, பூங்கா, கடை உரிமம் ஆகியவை இம்மன்றங்களின் அன்றாடப் பணிகள். இவை நம் கண்ணுக்குத் தெரிந்தவை. கண்ணுக்குத் தெரியாத மற்றொரு பணியும் அவற்றுக்கு உண்டு. அதுவே நிலத்தின் பயன்பாட்டைத் திட்டமிடும் பணி.

1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி மாநிலம் முழுமைக்கும் கட்டமைப்புத் திட்டம் வரையப்படுகிறது. அதற்கு உட்பட்டு ஒவ்வொரு வட்டாரத்திற்கும் உள்ளூர்த் திட்டம் உருவாக்கப்படுகிறது. அறிவிப்புப் பலகைகளில் 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்' என்று நாம் காண்பது இந்த உள்ளூர்த் திட்டத்தைத்தான். அதில் குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, விவசாயம், திறந்தவெளி ஆகியவை வெவ்வேறு வண்ணங்களால் குறிக்கப்படும். ஒரு நிலத்தின் மேல் தீட்டப்படும் வண்ணமே அடுத்த பல ஆண்டுகளுக்கு அந்நிலத்தின் தலையெழுத்தாக அமைகிறது.

இத்திட்டம் மூடிய அறையில் முடிவு செய்யப்பட வேண்டியதன்று. வரைவு உள்ளூர்த் திட்டத்தை ஊராட்சி மன்றம் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். கருத்தையும் ஆட்சேபத்தையும் தெரிவிக்கக் குறைந்தது நான்கு வாரங்கள் அளிக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. ஆட்சேபம் தெரிவித்தவர் விசாரணைக் குழுவின் முன் நேரில் பேசவும் வழியுண்டு. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒருவர் கட்டடம் எழுப்ப விண்ணப்பித்தால், அண்டை நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். அவர்கள் 21 நாள்களுக்குள் தங்கள் ஆட்சேபத்தைத் தெரிவிக்கலாம்.

சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஆயினும், அக்கதவின் வழியே நுழைபவர் மிகச் சிலரே. காரணம் எளிது. வரைபடத்தைப் படிக்க எல்லாராலும் முடிவதில்லை. 'மனை விகிதம்', 'பின்வாங்கல் எல்லை', 'உயரக் கட்டுப்பாடு' முதலிய சொற்கள் பொதுமக்களுக்குப் புதியவை. நான்கு வாரங்கள் கழிந்த பின்னரே தங்கள் வீட்டின் அருகில் என்ன வரப்போகிறது என்பது பலருக்குத் தெரிய வருகிறது. இந்த இடைவெளியைத்தான் கட்டடக் கலைஞரின் அறிவு நிரப்ப முடியும்.

இரு கடமைகள்

நம் நாட்டில் கட்டடக் கலைஞர் என்னும் பெயரை விரும்பியவரெல்லாம் சூட்டிக்கொள்ள முடியாது. 1967ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டத்தின்கீழ் மலேசியக் கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிவு பெற்றவரே அப்பெயரால் தொழில் நடத்தலாம். மலேசியக் கட்டடக் கலைஞர் சங்கம் 1920ஆம் ஆண்டில் தோன்றியது. நூற்றாண்டைக் கடந்த தொழில்முறை அமைப்பு அது.

கட்டடக் கலைஞருக்கு ஊதியம் கொடுப்பவர் நில உரிமையாளர் அல்லது மேம்பாட்டு நிறுவனம். அவருடைய தேவையை நிறைவேற்றுவது முதல் கடமை. ஆனால், எழும்பிய கட்டடம் உரிமையாளருக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. அதன் நிழல் பக்கத்து வீட்டின் மேல் விழுகிறது. அதன் கூரையில் வழியும் மழைநீர் பொதுக் கால்வாயில் சேர்கிறது. அதற்கு வரும் வாகனங்கள் ஊர்ச்சாலையில் நிற்கின்றன. அவ்வழியே நடந்து செல்லும் முதியவரும் பள்ளிப் பிள்ளையும் அதன் பயனையோ துன்பத்தையோ நாள்தோறும் அனுபவிக்கின்றனர். அவர்கள் கட்டடக் கலைஞருக்கு ஒரு காசும் கொடுத்தவர்கள் அல்லர். எனினும், அவர்களுக்கும் அவர் கடமைப்பட்டவரே. இவ்விரு கடமைகளும் சில வேளைகளில் ஒன்றோடொன்று மோதும். அத்தகைய வேளையில் பொதுநலனுக்காகக் குரல் கொடுப்பதே இத்தொழிலின் உயர்ந்த பண்பு.

1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டமும் இதற்கு இடமளிக்கிறது. ஊராட்சி மன்றத்தில் 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை மாநில அரசால் நியமிக்கப்படுகின்றனர். ஊராட்சி விவகாரங்களில் அனுபவம் உள்ளோர், தொழில்துறையில் சிறந்து விளங்குவோர், தம் சமூகத்தின் நலனைப் பேசும் திறன் பெற்றோர் ஆகியோரிலிருந்து உறுப்பினர்கள் தெரிவு செய்யப்பட வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. ஆகவே, கட்டடக் கலைஞர் மன்றத்தின் உள்ளே உறுப்பினராக அமர்ந்தும் பேசலாம். வெளியே நின்று ஆலோசனை கூறியும் பேசலாம்.

மலாக்கா கற்றுத் தந்த பாடங்கள்

1984ஆம் ஆண்டில் மலாக்கா நகரிலுள்ள புக்கிட் சீனா என்னும் குன்றினைச் சமன்படுத்தி, அம்மண்ணைக் கொண்டு கடலை மேடாக்கும் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. அக்குன்றில் 12,000க்கும் மேற்பட்ட பழங்காலச் சீனக் கல்லறைகள் உள்ளன. அக்குன்றின் பொறுப்பாளர்களான செங் ஹூன் தெங் கோயில் அறங்காவலர்கள் அதற்கு இணங்கவில்லை. நாடு முழுவதிலுமிருந்து மக்கள் அவர்களுக்கு ஆதரவு தெரிவித்தனர். இறுதியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. இன்று அக்குன்று நகரின் நடுவே பசுமையாக நிற்கிறது. காலையில் மக்கள் அங்கே நடைப்பயிற்சி மேற்கொள்கின்றனர்.

இதற்கு முந்திய ஆண்டான 1983இல்தான் மலேசிய மரபுடைமைக் காப்பகமான 'பாடான் வாரிசான் மலேசியா' தொடங்கப்பட்டது. கட்டடக் கலைஞர்கள், வரலாற்று ஆர்வலர்கள், பொதுமக்கள் எனப் பலரும் அதில் இணைந்து பணியாற்றி வருகின்றனர். பழைய கட்டடங்களை இடிக்காதீர்கள் என்று கேட்பது எளிது. இடிக்காமல் எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டுவதுதான் கடினம். அவ்வமைப்பு அந்தக் கடினமான வழியை மேற்கொண்டது. மலாக்காவின் ஹீரன் தெருவில், அதாவது இன்றைய ஜாலான் துன் தான் செங் லோக்கில், டச்சுக்காரர் காலத்தில் கட்டப்பட்ட எட்டாம் எண் வீட்டை அது பழமை மாறாமல் பழுதுபார்த்தது. அவ்வீடு பொதுமக்களும் மாணவர்களும் பார்த்துக் கற்கும் மாதிரி இல்லமாக மாறியது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பழைய செங்கல் சுவர்கள் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளிவிடும் இயல்புடையன. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரம் வெளியேற வழிவிடும். சிமெண்டு பூசினாலோ ஈரம் உள்ளேயே அடைபட்டுச் செங்கல்லை அரித்துவிடும். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பழுதுபார்ப்பே கட்டடத்திற்குக் கேடாக முடியலாம். இதனை மன்ற அதிகாரிகளுக்கும் வீட்டு உரிமையாளர்களுக்கும் சொற்களால் விளக்குவதைவிட, கண்முன்னே ஒரு வீட்டைக் காட்டி விளக்குவது பயன் தரும் அல்லவா? அதே நகரிலுள்ள செங் ஹூன் தெங் கோயில் கட்டடக் கலைஞர் லோரன்ஸ் லோவின் வழிகாட்டலில் புதுப்பிக்கப்பட்டு, 2002ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருதைப் பெற்றது. இத்தகைய செயல்முறைச் சான்றுகள் மரபுடைமையைப் பற்றிய பேச்சுக்கு வலுவூட்டின.

மற்றொரு நிகழ்வும் அறியத்தக்கது. மலாக்காவில் சுழலும் காட்சிக் கோபுரம் ஒன்றை எழுப்ப முதலில் பழைய நகரின் மையப்பகுதியே தேர்ந்தெடுக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டில் அங்கே அடித்தளத்திற்காக மண்ணைத் தோண்டியபோது பழங்கோட்டையின் கற்சுவர் வெளிப்பட்டது. டச்சுக்காரர்கள் அமைத்த மிடல்பர்க் கொத்தளத்தின் எச்சம் அது என அறியப்பட்டது. அதன்பின் கோபுரம் பண்டா ஹிலிருக்கு இடம் மாற்றப்பட்டது. 110 மீட்டர் உயரமுள்ள தாமிங் சாரி கோபுரமாக 2008ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்டது. கொத்தளம் பழைய இடத்திலேயே மீண்டும் உருப்பெற்றது. கோபுரமும் கிடைத்தது, கோட்டையும் தப்பியது. சுற்றுலா வளர்ச்சியும் மரபுடைமையும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று. சரியான இடத்தைத் தேர்ந்தால் இரண்டும் வாழும்.

2008ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் மலாக்காவும் பினாங்கின் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. 1748இல் தோன்றிய கம்போங் கிலிங் பள்ளிவாசல், 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம், பதினேழாம் நூற்றாண்டின் செங் ஹூன் தெங் கோயில் ஆகியவை சில நிமிட நடைதூரத்தில் அடுத்தடுத்து நிற்கும் காட்சி இந்நகரின் தனிச்சிறப்பு. பட்டியலில் இடம்பெற்றதோடு கடமை முடிந்துவிடவில்லை. ஜார்ஜ் டவுனில் 18 மீட்டர் உயர வரம்பை மீறும் தங்கும் விடுதித் திட்டங்கள் பற்றி உடனே சர்ச்சை எழுந்தது. அங்குள்ள மரபுடைமை ஆர்வலர்களும் கட்டடக் கலைஞர்களும் தொடர்ந்து குரல் கொடுத்தனர். பெற்ற பெருமையைக் காப்பது, பெறுவதைவிடக் கடினமானது.

அண்டை நாட்டில் ஒரு முன்மாதிரி

1965ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் இளம் கட்டடக் கலைஞர்களான வில்லியம் லிம், டே கெங் சூன் முதலியோர் ஒன்றுகூடி 'ஸ்பர்' என்னும் நகர ஆய்வுக் குழுவைத் தொடங்கினர். வீடமைப்பு, போக்குவரத்து, நகர விரிவாக்கம் ஆகியவை குறித்து அவர்கள் கட்டுரைகள் வெளியிட்டனர்; பொதுக் கலந்துரையாடல்கள் நடத்தினர். பாயா லேபார் விமான நிலையத்தை விரிவாக்கினால் நகரின் மேல் விமான இரைச்சல் பெருகும். ஆதலால், கடலோரத்தில் சாங்கியில் புதிய விமான நிலையம் அமைப்பதே நல்லது என அவர்கள் வாதிட்டனர். அரசு முதலில் வேறு திட்டம் வைத்திருந்தது. எனினும், 1975ஆம் ஆண்டில் சாங்கியே முடிவாயிற்று. 1981ஆம் ஆண்டில் அந்நிலையம் திறக்கப்பட்டது.

அம்முடிவுக்கு அக்குழுவின் வாதம் மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாது. ஆயினும், 'இது வேண்டா' என்று மட்டும் சொல்லாமல், 'இதற்கு மாற்றாக இதனைச் செய்யலாம்' என்று காரணத்தோடு கூறிய அவர்களின் முறை போற்றத்தக்கது. மாற்றுவழி கூறாத எதிர்ப்பு எளிதில் மறக்கப்பட்டுவிடும். மாற்றுவழியோடு வரும் கருத்தை எவரும் அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

எண்கள் பேசும்போது

கட்டடக் கலைஞரின் வாதத்திற்கு வலிமை தருவது எது? அவர் உணர்ச்சியைக் கணக்காக மாற்றிக் காட்டுவதே.

'அந்த உயரமான கட்டடம் வந்தால் எங்கள் முற்றம் இருண்டுவிடும்' என்று ஒரு பாட்டி கூறுவதாக வைத்துக்கொள்வோம். அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு மன்றம் அடுத்த விவகாரத்திற்குச் சென்றுவிடலாம். கட்டடக் கலைஞர் அதையே வேறு விதமாகக் கூறுவார். மாடி ஒன்றுக்கு 3 மீட்டர் என்றால், இருபது மாடிக் கட்டடம் 60 மீட்டர் உயரம் இருக்கும். சூரியன் அடிவானத்திலிருந்து 45 பாகையில் இருக்கும்போது அதன் நிழலும் 60 மீட்டர் நீளும். சூரியன் 30 பாகைக்குத் தாழும்போது நிழல் ஏறக்குறைய 104 மீட்டர் வரை செல்லும். அந்த நீளத்தை ஊர் வரைபடத்தின் மேல் வரைந்தால், எத்தனை வீட்டு முற்றங்கள் எந்த நேரத்தில் வெயிலை இழக்கும் என்பது தெளிவாகிவிடும். பாட்டி சொன்னதும் கட்டடக் கலைஞர் சொன்னதும் ஒன்றே. ஆனால், இரண்டாவது சான்றாக நிற்கிறது.

வெள்ளத்தையும் இவ்வாறே கணக்கிடலாம். ஒரு ஹெக்டேர் நிலம் என்பது 10,000 சதுர மீட்டர். அதன் மேல் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 கன மீட்டர் நீர், அதாவது ஐந்து இலட்சம் லிட்டர் நீர் விழுகிறது. ரப்பர் மரங்கள் நின்ற மண்ணாக இருந்தால் அதில் ஒரு பகுதி நிலத்தில் இறங்கும். அதே நிலம் தாராலும் சிமெண்டாலும் மூடப்பட்டால் பெரும்பகுதி ஒரே நேரத்தில் கால்வாய்க்குப் பாயும். பள்ளத்தில் இருக்கும் பழைய குடியிருப்பு மூழ்குவதற்கு இதுவே காரணமாகலாம். இதனைத் தடுக்க நீர்தேக்கக் குளங்கள் அமைக்கும் முறையை வடிகால், நீர்ப்பாசனத் துறை 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கையேட்டில் விளக்கியுள்ளது. 'வெள்ளம் வருமுன் அணை போடு' என்னும் முதுமொழியைத்தான் அக்கையேடு பொறியியல் மொழியில் கூறுகிறது. புதிய குடியிருப்புக்கான விண்ணப்பத்தில் அக்குளம் எங்கே உள்ளது என்று கேட்பது ஊர் மக்களின் உரிமை.

கம்போங் செட்டியும் தோட்டப்புறமும்

இத்தகைய அறிவு நம் சமூகத்திற்கு ஏன் இன்றியமையாதது? இரண்டு இடங்களை எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, மலாக்கா நகரில் காஜா பெராங்கிலுள்ள கம்போங் செட்டி. மலாக்கா சுல்தான்களின் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்து குடியேறிய தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கின்றனர். பேச்சில் மலாய் மொழியும் வழிபாட்டில் சைவ நெறியும் கொண்ட அவர்கள், பல நூற்றாண்டுகளாகத் தம் அடையாளத்தைக் காத்து வந்துள்ளனர். அக்கிராமத்தை ஒட்டி உயரமான கட்டடங்களை எழுப்பும் திட்டம் பற்றிய செய்தி வெளிவந்தபோது அவர்கள் தம் கவலையை வெளிப்படையாகத் தெரிவித்தனர். கிராமத்தின் எல்லைக்குள் ஒரு செங்கல்லும் அகற்றப்படாவிட்டாலும், எல்லைக்கு வெளியே எழும் கட்டடம் அதன் வெளிச்சத்தையும் அமைதியையும் கோயில் ஊர்வலம் செல்லும் வழியையும் மாற்றிவிடலாம். ஓர் இடத்தை மரபுடைமையாக அறிவித்தால் மட்டும் போதாது. அதைச் சுற்றியுள்ள நிலத்திற்கும் உயர வரம்பு வேண்டும் என்பதே இதிலிருந்து தெளிவாகும் உண்மை.

இரண்டாவது, ஜாசின், அலோர் காஜா மாவட்டங்களின் தோட்டப்புறங்கள். அங்கே நம் முன்னோர் ரப்பர் மரம் சீவி, லயன் வீடுகளில் வாழ்ந்தனர். தோட்டம் தனியார் நிலம் என்பதால் ஊராட்சி மன்றத்தின் சேவைகள் நெடுங்காலம் அவர்களை எட்டவில்லை. குடிநீர், கழிவறை, வீட்டு வசதி யாவும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவே இருந்தன. தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் குறித்த குறைந்தபட்சத் தரத்தை 1990ஆம் ஆண்டின் சட்டம் வரையறுத்தது. நகரில் கட்டப்படும் வீட்டிலோ, அறையின் தரைப்பரப்பில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சன்னல் இருக்க வேண்டும் என்று 1984ஆம் ஆண்டின் கட்டட விதிகள் கூறுகின்றன. மூன்று மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் நீளமும் கொண்ட அறைக்கு 1.2 சதுர மீட்டர் சன்னல் வேண்டும். காற்றும் வெளிச்சமும் வசதி படைத்தவருக்கு மட்டும் உரியவை அல்ல என்பதே அவ்விதியின் பொருள்.

இன்று பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறி வருகின்றன. தோட்டம் நகரமாகும்போது அங்கிருந்த கோயில், தமிழ்ப்பள்ளி, திடல், இடுகாடு ஆகியவை என்னவாகும்? விடை பெரும்பாலும் ஒரு தாளில் அடங்கியுள்ளது. உள்ளூர்த் திட்ட வரைபடத்தில் அவை குறிக்கப்பட்டிருந்தால், அடுத்து வரும் ஒவ்வோர் அதிகாரியும் ஒவ்வொரு மேம்பாட்டு நிறுவனமும் அவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கும். குறிக்கப்படாவிட்டால், அவை கண்முன்னே நின்றாலும் திட்டத்தில் இல்லாதவையே. மண்வாரி இயந்திரம் வந்து நின்ற பிறகு கூடி அழுவதைவிட, வரைவுத் திட்டம் பார்வைக்கு வைக்கப்படும் நான்கு வாரங்களில் ஒரு மணி நேரம் ஒதுக்கி வரைபடத்தைப் பார்ப்பது சிறந்தது. அவ்வேளையில் அருகே அமர்ந்து, 'இந்த வண்ணத்திற்கு இதுதான் பொருள். இந்த இடத்தில் உங்கள் பள்ளி விடுபட்டுள்ளது' என்று சுட்டிக்காட்ட ஒரு கட்டடக் கலைஞர் இருந்தால் அச்சமூகத்தின் நிலையே மாறிவிடும்.

கவனிக்க வேண்டியவை

கட்டடக் கலைஞர் கூறுவன யாவும் சரியாகவே இருக்கும் என்று கொள்ளலாகாது. அழகிய வரைபடத்தில் மயங்கி, அங்கு வாழும் மனிதரை மறந்த திட்டங்கள் உலகின் பல நகரங்களில் தோல்வியடைந்துள்ளன. மரபுடைமையைக் காப்பதிலும் இத்தகைய ஆபத்து உண்டு. நம் நாட்டில் பழைய கட்டடங்களுக்கான வாடகைக் கட்டுப்பாடு 1999ஆம் ஆண்டின் இறுதியோடு முடிவுக்கு வந்தது. அதன்பின் வாடகை உயர்ந்ததால், மலாக்காவிலும் ஜார்ஜ் டவுனிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பல குடும்பங்களும் சிறுதொழில் செய்தோரும் பழைய நகரை விட்டு வெளியேறினர். வீட்டின் முகப்பு காப்பாற்றப்பட்டது. வீட்டில் இருந்தவர்கள் காப்பாற்றப்படவில்லை. சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்பது உண்மையே. ஆனால், ஊர் என்னும் சித்திரத்தில் மனிதர்களும் இருக்க வேண்டும்.

மேம்பாட்டாளரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. வீடுகள் தேவை; வேலைவாய்ப்பும் தேவை. நில உரிமையாளருக்குத் தம் நிலத்திலிருந்து பயன்பெறும் உரிமை இருக்கிறது. ஊராட்சி மன்றத்திற்கு வரி வருமானம் வேண்டும். ஆகவே, பொதுநலன் பேசும் கட்டடக் கலைஞர் எல்லாவற்றையும் தடுப்பவராக இருத்தல் கூடாது. எல்லாரையும் ஒரே மேசையில் அமர்த்தி, ஒரே வரைபடத்தைப் பார்க்க வைப்பவராக இருத்தல் வேண்டும். அவர் மக்களுக்காகப் பேசுவதோடு, மக்களைப் பேச வைக்கவும் வேண்டும்.

நாளைய குரல்கள்

இப்பணிக்குப் பட்டம் பெறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயிலும் மாணவர்கள் பழைய கட்டடங்களை அளந்து வரையும் பயிற்சியை மேற்கொள்கின்றனர். சுவரின் நீளம், தூணின் பருமன், கதவின் உயரம் யாவும் அளக்கப்பட்டுத் தாளில் பதிவாகின்றன. கட்டடம் ஒருநாள் மறைந்தாலும் அந்த வரைபடம் நிலைக்கும். கட்டடம் நிற்கும்போதோ அதைக் காக்கும் சான்றாகும். இடைநிலைப்பள்ளி மாணவர்களும் அளவுநாடாவும் குறிப்பேடும் கொண்டு தம் ஊரின் கோயிலையோ, பழைய பள்ளிக் கட்டடத்தையோ, எஞ்சியிருக்கும் லயன் வீட்டையோ அளந்து வரையலாம். அதில் வாழ்ந்த முதியவர்களின் நினைவுகளைக் கேட்டு எழுதலாம். அவ்வட்டாரத்தின் உள்ளூர்த் திட்டத்தில் அவ்விடம் எந்த வண்ணத்தில் உள்ளது என்று நகராண்மைக் கழக அலுவலகத்தில் கேட்டறியலாம்.

அவ்வாறு கேட்பது குறை கூறுவதாகாது. நாம் வாழும் ஊரின் மேல் நமக்குள்ள அக்கறையை முறையாகத் தெரிவிப்பதே அது. சட்டம் அனுமதித்த காலத்தில், சரியான இடத்தில், தக்க சான்றோடு எழுப்பப்படும் கேள்விக்கு மதிப்பு மிகுதி. ஜாசினிலோ அலோர் காஜாவிலோ ஒரு தோட்டத்துப் பள்ளியில் பயின்ற மாணவர் நாளை கட்டடக் கலைஞராகி, தம் ஊரின் வரைபடத்தின் முன் நின்று, 'இங்கே மக்கள் வாழ்கிறார்கள்' என்று விரல் வைத்துக் காட்டும் நாள் வரவேண்டும்.

சிந்தித்து விடை கூறுக

1. வரைவு உள்ளூர்த் திட்டம் மக்கள் பார்வைக்கு ஏன் வைக்கப்படுகிறது?
2. கட்டடக் கலைஞரின் இரு கடமைகள் யாவை? அவை எவ்வாறு மோதக்கூடும்?
3. தாமிங் சாரி கோபுரம் இடம் மாற்றப்பட்டதிலிருந்து நீ அறியும் பாடம் என்ன?
4. 'வீட்டின் முகப்பு காப்பாற்றப்பட்டது. வீட்டில் இருந்தவர்கள் காப்பாற்றப்படவில்லை.' இக்கூற்றை விளக்குக.
5. உன் வட்டாரத்தில் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டிய ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, அதனைக் காக்க வேண்டிய காரணங்களை ஊராட்சி மன்றத்திற்குக் கடிதமாக எழுதுக.